அப்பாவை முந்திய கணினி

எங்கள் வீட்டில் யாருக்கும் சதுரங்கம் ஆட வராது. அப்பாவுக்குக் குதிரை எப்படிப் போகும் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் தொண்டையைச் செருமிக்கொள்வார். எனக்கு இன்றைக்கும் ராஜாவையும் ராணியையும் உயரத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். ஆனாலும் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஈப்போவில் நானும் சிங்கப்பூரில் அப்பாவும் சதுரங்கத்தில் பந்தயம் கட்டினோம். ஆடியது நாங்கள் இல்லை, இரண்டு கணினிகள். உண்மையைச் சொன்னால் அவைகூட ஒன்றோடொன்று ஆடவில்லை. எது வேகமாக யோசிக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் பந்தயம்.

கோப்பெங் போகும் சாலையில், ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை ஈப்போவில் மூடியபோது அவர் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே இன்னொரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பார். வாரம் முழுவதும் அந்த மணிக்காகத்தான் காத்திருப்பேன். மணி அடித்ததும் ஓடிப்போய் எடுப்பேன். எடுத்த பிறகுதான் கஷ்டம்.

சாப்பிட்டியா என்பார். சாப்பிட்டேன் என்பேன். படிக்கிறியா என்பார். படிக்கிறேன் என்பேன். அதோடு இரண்டு பேருக்கும் சரக்குத் தீர்ந்துவிடும். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும், நான் விடுவது அவருக்குக் கேட்டிருக்கும். சொல்ல வேண்டியது எல்லாம் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று சேர்த்து வைப்பேன். அடுத்த வாரமும் சாப்பிட்டியாவில் தொடங்கிப் படிக்கிறியாவில் முடியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் அப்பாதான். தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய ஒரு கணினியை முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். சிங்கப்பூர் அறையில் நண்பர்களிடம் வாங்கிய உதிரிப் பாகங்களை வைத்து இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். ஒரு முறை லீவில் வந்தபோது ஒரு சதுரங்க நிரலைக் கொண்டுவந்து, இங்கேயும் அங்கேயும் ஒன்றையே போட்டார். அந்த நிரலில் ஒரு வசதி இருந்தது. ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால், அது தன்னிடம் இருக்கும் சில ஆட்ட நிலைகளை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தக் காய் போனால் என்ன, அதற்குப் பதிலாக அந்தக் காய் வந்தால் என்ன என்று, சொன்ன ஆழம் வரைக்கும் அலசிப் பார்க்கும். முடிந்ததும் மொத்தம் எத்தனை நிலைகளைப் பார்த்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, நொடிக்கு எத்தனை என்று மூன்று வரிகளைக் காட்டும்.

அதில் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மொத்த எண்ணிக்கை இரண்டு கணினியிலும் ஒன்றாகவே வரும். ஏழு இலக்க எண். கடைசி இலக்கம் கூட மாறாது.

"ஒரே கூடை வெண்டிக்காய நீ நறுக்குனாலும் அம்மா நறுக்குனாலும் காய் அவ்ளோதான்லா. நேரந்தான் வேற" என்று அப்பா விளக்கினார். அம்மா அப்போது நிஜமாகவே வெண்டைக்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. மணி அடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, ஒரே நேரத்தில் பொத்தானைத் தட்டுவோம். அப்பாவுடையது சீக்கிரம் முடிந்துவிடும். உடனே அந்த அறையில் இருக்கும் கூட்டாளிகள் பின்னாலிருந்து "சிங்கப்பூர்! சிங்கப்பூர்!" என்று பந்து விளையாட்டு பார்ப்பவர்கள் போல் கத்துவார்கள். என்னுடையது அதற்குப் பிறகும் ஓடும். அம்மா வெங்காயத்தை வதக்கி, மீனைக் குழம்பில் போட்டு, உப்புப் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஓடும்.

"அது ஓடட்டும். நீ பேசு" என்பார் அப்பா.

கணினிக்காகத்தானே காத்திருக்கிறோம், எங்களுக்காக இல்லையே. அதனால் பேச்சு தானாக வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் செருப்பு அலமாரியில் குட்டி போட்டது, ஆசிரியர் என் கையெழுத்தைப் பார்த்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்றது, மாமா இரவில் குறட்டை விடுவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் சொன்னார். அறையில் ஒருவர் சோற்றைக் கருக்கியதையும், தான் அங்கே மழை பெய்யும்போது ஜன்னலோரம் போய் நிற்பதையும் சொன்னார். இவ்வளவு பேசுகிற மனிதரா என் அப்பா என்று எனக்கே வியப்பாக இருக்கும்.

அந்த வருடப் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மிகைநேர வேலை இருக்கிறது என்றார். நான் அடுத்த ஞாயிறு எண்ண மறுத்துவிட்டேன். எப்போதுதான் வருவீர்கள் என்று கேட்டேன், அழுதுகொண்டே.

"என்னோடத நீ முந்திட்டேன்னா, அப்பா மூட்ட கட்டிட்டு வந்துர்றேன்லா. ஒரேயடியா வாரேன்."

என்னைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கணினி ஒரு நிமிடம் வேகமாக ஓடினால் அப்பா அவ்வளவு தூரம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார் என்று என் மனதில் ஒரு கணக்கு.

என்னவெல்லாம் செய்தேன்! திரையில் திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். மேசைக் காற்றாடியை அதன் முகத்துக்கு நேராக வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்தேன். ஒருநாள், வீட்டு மின்சாரத்தை எல்லாம் மற்ற சாமான்கள் குடித்துவிடுவதால்தான் இதற்குப் பற்றவில்லை என்று தோன்றி, குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். திரும்பச் செருக மறந்துவிட்டேன். சாயங்காலம் கறுப்பு வௌவால் மீன் நாறிய நாற்றத்தில் அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பிறகுதான் மாமா களத்தில் இறங்கினார். அம்மாவின் தம்பி, எங்கள் பின்னறையில் தங்கியிருந்தார். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மாமா வரும் முன்னே அவருடைய ஹார்ன் தாமான் முழுக்க வந்துவிடும். என் தவத்தைச் சில நாள் வேடிக்கை பார்த்தவர், ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

"மருமவளே, இந்த ஆழம்னு ஒரு நம்பர் இருக்குதே, அதுல ஒண்ணக் கொறச்சா என்னா? சுருக்கா முடிஞ்சிரும்லா. உங்கப்பனுக்கு எப்படித் தெரியும்?"

முடிந்தது. அம்மா வெங்காயத்தை எடுப்பதற்குள் முடிந்தது. அந்த ஞாயிறு நான் நேரத்தைச் சொன்னேன். அப்பா எண்ணிக்கை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அதைத் தன் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். பிறகு பெரிய சிரிப்பு.

"என்னாது, கூடையில பாதி வெண்டிக்காயக் காணோமே! மச்சான் வேலையா இது?"

மாமா அதற்குள் பின்வாசல் வழியாக லோரிக்குப் போய்விட்டார். வேகத்தில் ஏமாற்றலாம், எண்ணிக்கையில் முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு வாரமும் முதலில் எண்ணிக்கையைத்தான் சொல்வார். அவர் முதல் பாதியைச் சொன்னால் நான் இரண்டாம் பாதியைச் சொல்வேன். கூடவே படித்த வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது அது.

இப்படியே சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது மாமாவின் பண்டிகை. லோரியைக் கழுவித் துடைத்து, கண்ணாடிக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார். அம்மா அரிவாள்மனை, தையல் இயந்திரம், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் சாமி மேடைக்கு முன்னால் வரிசை வைப்பார். இந்த முறை கணினியையும் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கழுவாத சாமானைச் சாமியிடம் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னார். கணினியை எப்படிக் கழுவுவது?

மாமா அதைத் தூக்கி லோரியின் முன்னிருக்கையில் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, சாலையோரத்து டயர் கடைக்குப் போனார். அவருடைய சக்கரத்துக்கெல்லாம் காற்றடிக்கிற கடை. கடை முதலாளியான சீனத் தவுக்கே முதலில் முறைத்தார். பிறகு வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தார். மாமா பக்கத்துத் தகட்டைக் கழற்றி, காற்றுக் குழாயை உள்ளே விட்டு அழுத்தினார். அப்பாவின் தொழிற்சாலைத் தூசியிலிருந்து எங்கள் வீட்டுத் தூசி வரைக்கும் ஒரு மேகமாக வெளியே வந்தது. கூடவே பல்லி முட்டை ஓடுகள் இரண்டு வந்து விழுந்தன. "அலாமா!" என்று தவுக்கே நாலடி பின்னால் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதற்கு மூன்று பட்டை திருநீறு இட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகை சாத்தினார். மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. பூஜை நாளே ஞாயிற்றுக்கிழமை.

மணி அடித்தது. இன்றைக்குக் கணினி சாமியிடம் இருக்கிறது, தொட முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அது இருக்கட்டும்லா. நீ சும்மா பேசு" என்றார்.

கணினி ஓடாமல் என்னால் பேச முடியவில்லை. பல்லி முட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தவுக்கே கத்தியதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். அப்போதும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை, அம்மாவைக் கூப்பிடு என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கம்பி நீளும் அளவுக்குப் பின்கட்டு வரைக்கும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முகம் கழுவிவிட்டு வந்தார். சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

மறுநாள் பூஜை முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். வழக்கமாக எடுக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் எடுத்தது! உள்ளே தூசி அடைத்துச் சூடேறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்தது. அன்றைக்கு நான் சரஸ்வதிதான் காரணம் என்றேன். மாமா டயர் கடைக் காற்றுதான் காரணம் என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட வழக்குகளில் தீர்ப்புச் சொல்கிற அம்மா, அந்த வாரம் முழுவதும் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் அப்பாவுடையதைவிட இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே கொஞ்சம். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை அம்மா விடியுமுன்பே சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்திருந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் ஒரே இரைச்சல். அறைக்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சேர்ந்து எண்ணித் தட்டினோம். அவர் முடிந்துவிட்டது என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னுடையது முடிந்தது.

"நீ மொதல்ல சொல்லு" என்றார் அப்பா.

எண்ணிக்கையையும் நேரத்தையும் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து அவருடைய நேரத்தைச் சொன்னார். என்னுடையதைவிட ஒரு மூச்சு விடும் நேரம் அதிகம்.

"எண்ணிக்கை?"

"அதேதாம்மா. நீ சொன்னதேதான்."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகு வீடு அதிரக் கத்தினேன். அப்பா தோத்துட்டேன், சொன்ன மாதிரி வாரேன் என்றார். அவ்வளவுதான். அந்தப் பந்தயத்திலேயே நாங்கள் மிகக் குறைவாகப் பேசியது அன்றைக்குத்தான். கணினி அத்தனை வேகமாக முடித்துவிட்டது, பேச இடமில்லை.

அன்று சாயங்காலமே அப்பா வந்துவிட்டார். மாமா மோட்டார் சைக்கிளில் போய்ப் பஸ் நிலையத்திலிருந்து அழைத்து வந்தார். ஒரு பையும், சுருட்டிக் கட்டிய போர்வையும். தோற்ற அன்றைக்கே வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நண்டுக் குழம்பு அதற்குள் தயாராக இருந்தது. அம்மாவுக்கு என் கணினியின் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டேன். உங்கள் கணினி எங்கே என்று கேட்டேன்.

"வித்துட்டேன். அதான் உன்னோடது முந்திருச்சே. அப்பறம் அது எதுக்கு?"

நியாயம்தான் என்று பட்டது. பள்ளியில் எல்லாரிடமும் என் அப்பாவை நான் கணினியால் ஜெயித்துக் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அவருடைய சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டதும், அவர் புது வேலை தேடி அலைந்ததும், கிடைக்கவே கிடைக்காதோ என்று அம்மா பயந்ததும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து ஓர் இரும்புக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. அதுவரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவர் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓடட்டும், நீ பேசு என்று சொல்கிற குரல் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கிற மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போதே அப்பாவுக்காக ஏங்கினேன். அந்த ஏக்கம் இன்றுவரை தீரவில்லை.

இப்போது நான் கோலாலம்பூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். வாரம் ஒரு முறை நான்தான் அழைக்கிறேன். சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். ஒருநாள் அந்தப் பழைய நிரலைத் தேடி எடுத்து என் மடிக்கணினியில் ஓட்டினேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அதே ஏழு இலக்கம் வந்து நின்றது. இத்தனை வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போனேன். சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்கள் வடக்கே போகப் பஸ் ஏறும் இடம். மூட்டைகளோடு ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். டிக்கெட் விற்பவர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயரைக் கத்தினான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். நான் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

அப்பா அந்த ஞாயிறு இங்கேதான் நின்றிருக்கிறார். கணினியை விற்றாகிவிட்டது, போர்வையைக் கட்டியாகிவிட்டது. காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, மகள் சொல்லப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்து, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒன்றைச் சொல்லித் தோற்றிருக்கிறார். அத்தனை ஆட்களுக்கு நடுவில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு அப்பா தோத்துட்டேன் என்று சொன்ன அதே நேரத்தில், அவருக்குப் பின்னால் இருந்த இரைச்சலிலிருந்து "ஈப்போ! ஈப்போ! ஈப்போ!" என்று குரல்கள் கிளம்பின. எப்போதும் சிங்கப்பூர் என்று கத்துகிற அறைக்காரர்கள் எல்லாரும் கடைசியில் என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவை இழுத்து வந்து ரிசீவரை அவர் காதில் வைத்தேன்.

"கேளுங்கம்மா, எல்லாரும் நமக்குத்தான் கத்துறாங்க!"

அம்மா நண்டு வாசம் வீசும் கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஆமா கண்ணு, நமக்குத்தான் கத்துறாங்க" என்றார்.